பட்டை உரித்த கைகள்: தேக்கடியில் சமூகச் சுற்றுலா வேரூன்றிய விதம்

2021ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அதிலிருந்து தேனி மாவட்டத்து மலையோர ஊர்களில் சூழல் சுற்றுலா பற்றிய பேச்சு கூடிவிட்டது. தங்கும் குடில் கட்டலாம், மலையேற்றம் நடத்தலாம், ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும் என்கிறார்கள். அந்தப் பேச்சில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நமக்கு மேலே, மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துத் தேக்கடியில், பெரியாற்றின் தலைப்பகுதியில் இதே முயற்சி கால் நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அங்கே குடிலும் மலையேற்றமும் கடைசியில்தான் வந்தன. முதலில் தீர்க்கப்பட்டவை கடனும் வழக்கும்.

சம்பந்தப்பட்ட தனிமனிதர்களின் பெயர்களை இதில் குறிப்பிடவில்லை.

இடமும் பின்னணியும்

சிவகிரி மலைகளில் பிறக்கும் பெரியாறு மேற்கே பாய்ந்து அரபிக் கடலில் கலக்கும் ஆறு. 1886ல் திருவிதாங்கூரும் சென்னை மாகாணமும் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் செய்துகொண்டன. பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895ல் முடிந்தது. தேங்கிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்து வைகையோடு சேர்ந்தது. நீர் மூழ்கடித்த காட்டு மரங்களின் பட்டுப்போன அடிமரங்கள் இன்றும் ஏரிக்கு நடுவே நிற்கின்றன. தேக்கடிப் படகில் போய்வந்த யாரும் அவற்றை மறந்திருக்க மாட்டார்கள்.

அணைக்காகத் தேக்கிய நீர்தான் பின்னாளில் சுற்றுலாவுக்கும் அடித்தளம் போட்டது. ஏரியைச் சுற்றிய காடு 1934ல் வேட்டை விலங்குகளின் புகலிடமாகவும், 1950ல் பெரியாறு சரணாலயமாகவும், 1978ல் புலிகள் காப்பகமாகவும் ஆனது. கரையில் நீர் குடிக்க வரும் யானைக் கூட்டத்தைப் படகிலிருந்து பார்க்கலாம் என்பதே பெரிய ஈர்ப்பு. குமுளியில் விடுதிகளும் ஏலக்காய், மிளகுக் கடைகளும் பெருகின.

அந்த வருமானம் காட்டை ஒட்டி வாழ்ந்தவர்களிடம் போய்ச் சேரவில்லை. மன்னான், பளியர் பழங்குடி மக்கள் உள்காட்டிலிருந்து குமுளி ஓரத்துக்குக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள். ஏரியில் மீன் பிடிப்பதும் சிறிய மிளகுத் தோட்டமும்தான் அவர்களுடைய பிழைப்பு. கம்பம், கூடலூர் பக்கத்திலிருந்து மாடு மேய்க்க வந்தவர்கள் இருந்தார்கள். விறகு பொறுக்குவோர், கூரைக்குப் புல் அறுப்போர் இருந்தார்கள். இவர்களையெல்லாம்விட வனத்துறைக்குப் பெரிய தலைவலியாக இருந்தவர்கள் வயணப்பட்டை உரிப்பவர்கள்.

வயணை என்பது இலவங்கப்பட்டை இனத்து மரம். அதன் பட்டைக்கு மசாலாச் சந்தையில் எப்போதும் தேவை உண்டு. கும்பலாகக் காட்டுக்குள் போய் நாள்கணக்கில் தங்குவார்கள். மரத்தை வெட்டிச் சாய்த்து, பட்டையை உரித்து, தீ மூட்டி உலர்த்தி, தலைச்சுமையாக இறக்குவார்கள். தங்கும் நாள்களில் சோற்றுக்குக் கறியும் காட்டிலிருந்துதான். மூட்டிய தீ சில சமயம் கைமீறிப் போகும். ஒரு கும்பல் உள்ளே போனால் மரம், விலங்கு, தீ என மூன்று வகையிலும் காட்டுக்குச் சேதம்.

கூர்ந்து பார்த்தபோது தெரிந்தது

1990களின் நடுப்பகுதி வரை வனத்துறையின் பதில் ஒன்றுதான்: பிடி, வழக்குப் போடு. காடு பெரிது, காவலர்கள் குறைவு. பட்டைக்காரர்களுக்குத் தெரிந்த தடங்கள் காவலர்களுக்குத் தெரியாது. இரு தரப்புக்கும் பகை மட்டும் வளர்ந்தது.

உலக வங்கியும் உலகச் சுற்றுச்சூழல் நிதியமும் பணம் தந்த இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டம் 1996ல் ஒப்புதல் பெற்றது. நாடு முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட 7 காப்பகங்களில் பெரியாறும் ஒன்று. காட்டோர மக்களைக் குழுக்களாகச் சேர்த்து, அவர்களோடு உட்கார்ந்து ஊர்வாரியாகத் திட்டம் போட வேண்டும் என்பது நிபந்தனை. மக்களும் தங்கள் பங்காக ஒரு பகுதியைப் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும். அது குழுவின் பொது நிதியில் சேரும்.

இந்த உட்கார்ந்து பேசும் வேலையில்தான் இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. என் பார்வையில் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இவைதான்.

மன்னான், பளியர் குடும்பங்கள் கடனில் மூழ்கியிருந்தன. வியாபாரிகள் கொடுத்த முன்பணத்துக்கு ஈடாக மிளகுத் தோட்டம் அவர்கள் கைக்குப் போயிருந்தது. கொடியில் மிளகு காய்க்கும். ஆனால் பறித்த மிளகுக்கு விலை சொல்லும் உரிமை கொடிக்குச் சொந்தக்காரனுக்கு இல்லை. தன் தோட்டத்திலேயே கூலியாக நின்றவன் குறைக்காசுக்குக் காட்டை நம்பித்தான் ஆக வேண்டியிருந்தது.

பட்டைக்காரர்களின் கணக்கும் இதே ரகம்தான். உயிரைப் பணயம் வைத்துச் சுமந்தவனுக்குக் கிடைத்தது சொற்பம், லாபம் இடைத்தரகருக்கு. கையில் வந்ததிலும் பெரும்பகுதி ஜாமீன், வக்கீல், வாய்தா என்று கரைந்தது. தொழிலை விட்டுவிட மனம் இருந்தாலும் தலைக்கு மேல் தொங்கும் வழக்குகள் விடவில்லை. வழக்குச் செலவுக்காகவே மறுபடி காட்டுக்குள் போக வேண்டிய நிலை.

இதைக் கண்டுகொள்ளாமல் நேராக ஒரு மலையேற்றத் திட்டம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். கடனில் நிற்கும் குடும்பத்துக்கு வந்த சுற்றுலாக் கூலியைக் கடன்காரர் வாசலிலேயே வாங்கிப் போயிருப்பார். வழக்கில் சிக்கியவன் காக்கி உடுப்பைக் கண்டாலே ஒளிந்திருப்பான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பட்டைக்காரர்களோடு பேச்சு தொடங்கியது. வனத்துறைக்குள் இது எளிதான முடிவாக இருந்திருக்க முடியாது. நேற்று வரை தேடப்பட்ட ஆளை இன்று எதிரே நாற்காலி போட்டு உட்காரவைப்பதற்கு, மேலே உள்ளவர்களையும் கீழே உள்ள காவலர்களையும் சம்மதிக்க வைக்க வேண்டும். ஒப்பந்தம் நேரடியானது. அவர்கள் தொழிலை விடுவார்கள், தங்களுக்குத் தெரிந்த தடங்களையும் மற்றக் கும்பல்களைப் பற்றிய தகவலையும் தருவார்கள், காட்டைச் சுற்றி ரோந்து போவார்கள். பதிலுக்கு அவர்கள்மீதான வழக்குகள் கைவிடப்படும், நிலையான வருமானத்துக்கு வழி செய்யப்படும்.

1998 வாக்கில் 20க்கும் மேற்பட்ட முன்னாள் பட்டைக்காரர்கள் சேர்ந்து ஒரு சூழல் மேம்பாட்டுக் குழுவானார்கள். குழுவின் பெயரிலேயே தாங்கள் முன்னாள் வயணப்பட்டைக்காரர்கள் என்பதை வைத்துக்கொண்டார்கள். அதை மறைக்காமல் விட்டது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. வரும் பயணிக்குத் தன்னை அழைத்துப் போகிறவர் யார் என்பது தெரியும். ஊருக்கும் தெரியும். திரும்பிப் போவது கடினமாகிறது.

சம்பளத்தை எங்கிருந்து தருவது என்பது அடுத்த கேள்வி. திட்டப் பணம் சில ஆண்டுகளில் நின்றுவிடும். இந்த இடத்தில்தான் சுற்றுலா உள்ளே வருகிறது. பெரியாறு புலித்தடம் என்ற பெயரில், காட்டுக்குள் இரவு தங்கும் மலையேற்றம் தொடங்கப்பட்டது. அதை நடத்தும் பொறுப்பு இந்தக் குழுவுக்கு.

அளவைச் சிறிதாகவே வைத்தார்கள். ஒரு குழுவில் 5 பயணிகள், கூட 5 வழிகாட்டிகள், துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். வியாபாரக் கணக்குப் பார்ப்பவருக்கு இது வீண் செலவாகத் தோன்றும். இரண்டு வழிகாட்டிகள் போதாதா என்று கேட்பார். ஆனால் அந்த நடையே ஒரு ரோந்துதான். பயணி பணம் கொடுத்து நடக்கிறார், அந்தச் செலவில் காவல் நடக்கிறது. புதிதாக வெட்டிய அடிமரம், அணைந்த அடுப்பு, சுருக்குக் கம்பி எதுவும் அந்தக் கண்களுக்குத் தப்பாது. ஒரு காலத்தில் அதையெல்லாம் செய்தவர்களின் கண்கள் ஆயிற்றே.

பணம் நேராகத் தனிநபர் பைக்குப் போகாமல் குழுவின் கணக்குக்குப் போனது. அதிலிருந்து மாதச் சம்பளம். பயணிகள் வராத மழை நாள்களிலும் ரோந்து உண்டு, சம்பளமும் உண்டு. கூட்டம் வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி என்ற நிலைமை இருந்திருந்தால் முதல் ஆடி மாதத்திலேயே பாதிப் பேர் பழைய தொழிலுக்குத் திரும்பியிருப்பார்கள்.

மிளகு விஷயத்திலும் இதே வரிசைதான். திட்ட நிதியில் வியாபாரிகளின் கடன் அடைக்கப்பட்டுத் தோட்டங்கள் மீட்கப்பட்டன. குழுவே சேர்த்து விற்கத் தொடங்கியது. பிறகு இயற்கை வேளாண்மைச் சான்று பெற்று அந்த மிளகு வெளிநாட்டுச் சந்தை வரை போனது. அதற்கப்புறம்தான் மன்னான், பளியர் இளைஞர்கள் மலையேற்ற வழிகாட்டிகளாகத் தனிக் குழு அமைத்தார்கள்.

காட்டுக்குள் ஒரு நாள்

வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால்தான் இது புரியும். காலையில் பயணிகளுக்கு முழங்கால் வரை வரும் துணிக் காலுறை தருகிறார்கள். அட்டை ஏறாமல் இருக்க அதன்மேல் மூக்குப்பொடியைத் தேய்த்துவிடுகிறார்கள். ஏரியின் ஒரு கையை மூங்கில் தெப்பத்தில் கடந்து அக்கரை சேர வேண்டும். முன்னால் போகிறவர் பேசுவது குறைவு. கையைத் தூக்கினால் எல்லோரும் நிற்க வேண்டும். சேற்றில் பதிந்த குளம்பைக் குனிந்து பார்த்து, காட்டுமாடு போய் எவ்வளவு நேரமாகிறது என்று சொல்கிறார். யானை இருக்கும் பக்கம் தெரிந்துவிட்டால் காற்றின் போக்கைப் பார்த்துச் சுற்றுவழியில் போகிறார்கள்.

வழியில் பட்டை உரிக்கப்பட்ட பழைய மரத்தைக் காட்டி, எப்படி உரிப்போம் என்று விளக்குவதும் உண்டு. பயணிக்கு அது கதை. சொல்பவருக்கு வாழ்க்கை. பல்கலைக்கழகத்தில் படித்த வழிகாட்டியால் தர முடியாத அறிவு அது. அந்த அறிவுக்குத்தான் காசு.

தொடர்ந்து நடந்தவை

திட்டக் காலத்தில் இப்படி 70க்கும் மேற்பட்ட குழுக்கள் உருவாயின. எல்லாக் குழுக்களுக்கும் சுற்றுலாவைத் திணிக்கவில்லை. மேய்ச்சல்காரர்களுக்கு ஒரு வழி, புல் அறுப்போருக்கு ஒரு வழி. காப்பகத்தின் மேற்குப் பகுதியில் சபரிமலை இருக்கிறது. சீசனில் நடைவழிக் கடைகள் காட்டு விறகை எரித்துத் தள்ளிக்கொண்டிருந்தன. அங்கே உள்ளூர்க் குழுக்கள் கடைகளை நடத்தவும், விறகுக்குப் பதில் எரிவாயு பயன்படுத்தவும் ஏற்பாடானது.

கம்பம் பக்கத்துக்கும் இதில் பங்கு இருந்தது. தமிழகப் பக்கத்தைச் சேர்ந்த முன்னாள் கடத்தல்காரர்கள் விடியல் என்ற பெயரில் குழுவானார்கள். திராட்சைப் பந்தல்களும் தென்னந்தோப்புகளும் நிறைந்த நம் வயல்வெளி வழியே பயணிகளை மாட்டு வண்டியில் அழைத்துப் போகும் ஏற்பாடும் நடந்தது. காட்டைப் பார்க்க வந்தவருக்கு அந்தக் காட்டின் தண்ணீர் எங்கே போகிறது என்பதைக் காட்டும் அருமையான யோசனை அது. ஏரியையும் வயலையும் ஒரே பயணத்தில் இணைத்த வேறு சுற்றுலாத் திட்டத்தை இந்தப் பகுதியில் நான் கண்டதில்லை.

2002ல் குமுளிப் பெண்கள் வசந்தசேனை என்று ஒன்றுசேர்ந்து, தினமும் முறை வைத்துச் சந்தன மரங்கள் உள்ள காட்டுப் பகுதியில் ரோந்து போகத் தொடங்கினார்கள். கூலி இல்லை. வீட்டு வேலையை முடித்துவிட்டுப் போவார்கள்.

2004ல் உலக வங்கித் திட்டம் முடிந்தது. இந்த மாதிரித் திட்டங்கள் பெரும்பாலும் செத்துப்போவது அந்த மாதத்தில்தான். பலகை மட்டும் மிச்சமிருக்கும். பெரியாற்றில் அதற்கு முன்கூட்டியே யோசித்தார்கள். அதே ஆண்டு பெரியாறு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. உள்ளே வரும் பயணிகளிடம் நுழைவுக் கட்டணத்தோடு வாங்கும் சூழல் மேம்பாட்டு மேல்வரி அரசுக் கருவூலத்துக்குப் போய்விடாமல் அறக்கட்டளைக்கு வந்தது. குழுக்கள் உயிரோடிருக்க அந்தப் பணம் கைகொடுத்தது. 2006ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் இப்படி ஓர் அறக்கட்டளை வேண்டும் என்பது சட்டமாகவே ஆனது.

2023 ஏப்ரலில் வெளியான புலிகள் காப்பக மேலாண்மை மதிப்பீட்டில் பெரியாறு 94.38 சதவீதம் பெற்று நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது. இதில் குழுக்களின் பங்கு இத்தனை என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் காட்டின் காவலில் பாதிக் கண்கள் ஊர்க்காரர்களுடையவை என்பதை அங்கே போனவர்கள் அறிவார்கள்.

அடிகள்

2009 செப்டம்பர் 30 மாலை, மாநிலச் சுற்றுலாத் துறை சார்ந்த இரண்டடுக்குப் படகு ஏரியில் கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைக் கண்டு பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் படகு சாய்ந்துவிட்டது என்று அப்போது செய்திகள் வந்தன. அந்தப் படகுக்கும் சூழல் மேம்பாட்டுக் குழுக்களுக்கும் தொடர்பில்லை. ஆனால் ஒரே ஏரியில் இரண்டு விதச் சுற்றுலா நடந்துகொண்டிருந்தது என்பதை அந்த மாலை கொடுமையாகக் காட்டியது. ஒன்றில் ஐந்து பேருக்கு ஐந்து வழிகாட்டிகள். மற்றதில் எத்தனை டிக்கெட் விற்றது என்பதே கணக்கு.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினை வெடித்தது. குமுளிச் சாலை அடைபட்டது, கல்வீச்சும் தாக்குதலும் நடந்தன, ஏலத்தோட்டத்துக்குப் போன நம் பெண்கள் பயந்து திரும்பினார்கள். எல்லை தாண்டிய மாட்டு வண்டிப் பயணம் போன்றவை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகின்றன என்பது அப்போது தெரிந்தது. இரு மாநிலத்து அதிகாரிகளும் சேர்ந்து கையெழுத்திட்ட எந்த ஏற்பாடும் அவற்றுக்குப் பின்னால் இல்லை.

2018 வெள்ளமும் 2020 கொரோனாவும் நுழைவாயிலையே மூடின. சுற்றுலாவை மட்டும் நம்பியவர்களுக்கு இந்த இரண்டும் தாங்க முடியாத அடி. மிளகும் மாடும் வைத்திருந்த குடும்பங்கள் ஓரளவு நின்றன.

நாகரஹொளேயோடு ஒப்பிட்டால்

அதே 7 காப்பகங்களில் நாகரஹொளேயும் ஒன்று. அங்கே இந்தத் திட்டத்தை ஆதிவாசிகள் கடுமையாக எதிர்த்தார்கள். காட்டுக்குள் ஒரு பெரிய ஓட்டல் நிறுவனம் விடுதி அமைக்க முயன்றதும், மக்கள் போராடி நீதிமன்றம் போனதும், 1997ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதைத் தடுத்ததும் பதிவில் உள்ளவை. மக்களை வெளியேற்றும் அச்சம் ஒரு பக்கம், வெளியாள் விடுதி இன்னொரு பக்கம். அதே பணம், அதே விதிமுறை, ஆனால் விளைவு வேறு. பெரியாற்றில் வெளியேற்றம் பேசப்படவில்லை, காட்டுக்குள் நடக்கும் நடையின் வருமானம் உள்ளூர்க் குழுவுக்கே என்பது முதலிலேயே தீர்மானமானது. வித்தியாசம் அங்கிருந்து தொடங்குகிறது.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

பெரியாற்றை அப்படியே நகலெடுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். குறைகள் தெளிவாகவே இருக்கின்றன.

குமுளியின் பெரிய வருமானம் இன்றும் விடுதிகளுக்குத்தான். குழுக்கள் கட்டிக் காத்த காட்டை வைத்து அறை வாடகை நிர்ணயிக்கிறார்கள், ஆனால் மேல்வரி கட்டுவது உள்ளே நுழையும் பயணி மட்டுமே. ஒவ்வொரு அறைக்கும் ஒரு சிறு தொகை காட்டோரக் குழுக்களுக்குப் போக வேண்டும் என்பதை, விடுதிக்கு அனுமதி தரும்போதே எழுதி வாங்கியிருக்க வேண்டும். கட்டடம் எழும்பிய பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள். மேகமலையில் அந்தக் கட்டம் இன்னும் வரவில்லை. இப்போதே கேட்கலாம்.

குழுவின் செயலாளர் வனத்துறை ஊழியராக இருப்பது இந்த அமைப்பின் வழக்கம். தொடக்கத்தில் அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் நல்ல அதிகாரி மாறிப் போனால் குழுவின் போக்கும் மாறிவிடும். 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு அதிகாரம் தருகிறது. புதிதாகத் தொடங்கும் இடங்களில் முதலில் உரிமைப் பட்டா, பிறகு குழு என்ற வரிசை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மக்கள் தங்கள் மண்ணிலேயே சம்பள ஆளாக நின்றுவிடுவார்கள்.

அந்த 20 சொச்சம் பேருக்கு வயதாகிவிட்டது. அவர்கள் பிள்ளைகளுக்கு அந்தத் தடங்கள் தெரியாது. தெரியாமல் போனதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, அவர்கள் பள்ளிக்கூடம் போனார்கள். ஆனால் தடம் அறிந்தவர் நடக்கும்போதே இரண்டு இளையவர்களைச் சம்பளத்தோடு கூட அழைத்துப் போகும் ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே இருந்திருக்க வேண்டும்.

வசந்தசேனைப் பெண்களின் உழைப்பைப் பாராட்டாதவர் இல்லை. ஆனால் ஆண்கள் செய்யும் ரோந்துக்கு மாதச் சம்பளம், பெண்கள் செய்யும் ரோந்துக்குப் பாராட்டு என்ற ஏற்பாடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் சம்பளம் கேட்கவில்லை என்று பதில் சொல்கிறார்கள். கேட்காவிட்டாலும் பொது நிதியிலிருந்து அவர்கள் பெயரில் வைப்புத்தொகை போட்டிருக்கலாம், மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கலாம்.

எல்லைக்கு இந்தப் பக்கம் கூடலூரிலும் கம்பத்திலும் உள்ள குடும்பங்களை எந்த மாநிலக் கணக்கில் சேர்ப்பது என்பது இன்னும் தீராத சிக்கல். காட்டை நம்பியிருப்பவர்கள் அவர்களும்தான். மேகமலைக் காப்பகமும் பெரியாறு காப்பகமும் இப்போது ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. இரண்டு காப்பகங்களின் அறக்கட்டளைகளும் ஒரு கூட்டுக் குழு அமைத்து, மாட்டு வண்டிப் பயணம், ரோந்து, தீத் தடுப்பு ஆகிய மூன்றையாவது சேர்ந்து நடத்தலாம். அணை நீர் மட்டம் பற்றிய சண்டை நீதிமன்றத்தில் நடக்கட்டும். கூடலூர் வண்டிக்காரருக்கும் குமுளி வழிகாட்டிக்கும் இடையே கையெழுத்தாக வேண்டிய ஒப்பந்தத்துக்கு அந்தத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.